வாரண்டியை நம்பி லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுத்தேன்: மூன்று மாதச் சம்பளம் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன். இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து வேறு வேலை எதுவும் ஓடவில்லை. "உள்ளே திரவம் பட்ட அடையாளம் இருக்கிறது. வாரண்டி பொருந்தாது. மதர்போர்டு மாற்றுவதற்கான கட்டணத்தைச் செலுத்தவும், இல்லையென்றால் பரிசோதனைக் கட்டணம் கட்டிவிட்டு லேப்டாப்பைப் பெற்றுக்கொள்ளவும்." அவ்வளவுதான் பதில். மூன்று மாதச் சம்பளம் போட்டு வாங்கியது, இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த லேப்டாப் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெரிய பிராண்டு. விற்றது பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு மின்னணுச் சாதனக் கடை. வேறு பிராண்டு வைத்திருப்பவர்களிடம் பேசினாலும் இதே கதைதான் வருகிறது.

வாங்கிய நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடையில் எனக்கு விற்ற பையன் அவசரப்படுத்தவே இல்லை. பொறுமையாக உட்கார வைத்து, எனக்கு என்ன வேலை என்று கேட்டான். வீட்டிலும் கணக்கு வேலை பார்ப்பேன், நடுவில் நின்றுபோனால் ஆபத்து என்றேன். இரண்டு மாடல்களைத் தள்ளி வைத்துவிட்டு இதை எடுத்தான். "மேடம், இதே மாடலைத்தான் என் தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றான். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் வாரண்டி மூன்று வருஷமாகும், நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், ஒரு போன் போட்டால் வீட்டுக்கே ஆள் வந்து பார்ப்பார்கள் என்றான். மதர்போர்டு போனாலுமா என்று கேட்டேன். "எல்லாமே சேர்த்துதான் மேடம்" என்று பில்லின் மேலேயே பேனாவால் "3 வருடம், ஆன்சைட்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான். ரேம் மட்டும் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, பின்னால் கூட்ட முடியாது, அதனால் இப்போதே கூடுதல் ரேம் உள்ளதாக எடுங்கள் என்று சொன்னதும் அவன்தான். குறையையும் சேர்த்துச் சொல்கிறானே என்று முழு நம்பிக்கை வந்தது. இந்த ரேம் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில மாதங்கள் நன்றாக ஓடியது. அப்புறம் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. நீலத்திரை வராது, எச்சரிக்கை வராது. தட்டிக்கொண்டே இருக்கும்போது திரை கருப்பாகும், விசிறி நிற்கும், கீபோர்டு விளக்கு போகும். விண்டோஸ் தனக்கு நடந்ததைக் குறித்து வைக்கும் இவென்ட் வியூவரில் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருந்தது. முறையாக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பேட்டரியாக இருக்குமோ என்று கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளை கொடுத்து, பேட்டரியின் நிலையைக் காட்டும் ரிப்போர்ட் எடுத்தேன். புதிதில் இருந்த கொள்ளளவுக்கும் இப்போதைய கொள்ளளவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சார்ஜரில் போட்டிருந்தாலும் அணைந்தது, கழற்றியிருந்தாலும் அணைந்தது.

கம்பெனியின் உதவி சாட்டில் போனேன். அங்கேதான் உண்மையான அலைக்கழிப்பு ஆரம்பம். ஒவ்வொரு முறையும் புது ஆள். ஒவ்வொரு முறையும் சீரியல் நம்பரிலிருந்து தொடக்கம். டிரைவர் அப்டேட் செய்யுங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள். எல்லாம் செய்தேன். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரையில் சும்மா நிறுத்தி வைத்திருந்தபோதும் அணைந்தது. அதை வீடியோ எடுத்தும் அனுப்பினேன். விண்டோஸே ஓடாதபோது அணைகிற மெஷினுக்கு விண்டோஸை மறுபடி போடச் சொல்வது என்ன வைத்தியம்? அடுத்த ஆள் வந்து, பயாஸ் அப்டேட் செய்யுங்கள் என்றார். எப்போது அணையும் என்று தெரியாத லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் ஓடும்போது பாதியில் நின்றால் மதர்போர்டே செத்துப்போகலாம். அதைச் சொன்னேன். "இந்தப் படியை முடித்தால்தான் அடுத்ததுக்குப் போக முடியும்" என்று பதில். நான் மறுத்ததும் "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை" என்று குறித்துப் புகாரை மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு ஆள் வருவார் என்றானே, அதைக் கேட்டேன். இந்த மாடலுக்கு கேரி-இன் மட்டும்தான், நீங்கள்தான் எடுத்துவர வேண்டும் என்றார்கள். பில்லைக் காட்டினேன். கடைக்காரர் கையால் எழுதியது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். கடைக்குப் போனேன். நான் கூடுதலாகக் கட்டிய வாரண்டி கம்பெனியுடையதே இல்லையாம், கடை சேர்த்து விற்கும் வேறொரு நிறுவனத்தின் திட்டமாம், அதுவும் முதல் வருஷம் முடிந்த பிறகுதான் தொடங்குமாம். "இப்போ கம்பெனிதான் மேடம் பார்க்கணும்." அந்தப் பையன் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். கம்பெனியின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தால், வாரண்டி தொடங்கிய தேதி நான் வாங்கிய நாளுக்கு முன்னாலேயே இருந்தது. பெட்டி கிடங்கை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். பில்லை ஏற்றிச் சரிசெய்யவே தனியாக ஒரு போராட்டம்.

கடைசியில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் மூடியைத் திறந்து மூடி, திருப்பிப் பார்த்து, சீட்டில் "வெளிச்சேதம் இல்லை" என்று எழுதினார். டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். சார்ஜரும் சேர்த்துக் கொடுத்தேன். "ரெண்டு மூணு நாள்ல கூப்பிடுறோம்" என்றார். வாரக்கணக்கில் யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் பாகம் வரவில்லை என்பார்கள், இன்னொரு நாள் டெக்னீஷியன் லீவு என்பார்கள், மேலதிகாரி பேசுவார் என்பார்கள். அந்த மேலதிகாரி இன்றுவரை பேசவில்லை. பாகம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் இன்று திடீரென்று திரவம் என்கிறார்கள். பழுது என்னவென்றே தெரியாமலா பாகம் கேட்டிருந்தார்கள்?

ஆதாரமாக ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். லேப்டாப்புக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது சிவந்திருப்பதை நெருக்கமாக எடுத்த படம். சீரியல் நம்பர் தெரியவில்லை, முழு போர்டும் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒரு ரேம் ஸ்லாட், அதில் கிளிப் போட்டுச் செருகிய ரேம் துண்டு. கிளிப்பின் உலோகம் பளபளப்பது வரை தெரிகிறது. என் மாடலில் ரேம் ஸ்லாட்டே கிடையாது! கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. இது யாருடைய லேப்டாப்பின் படம்? உடனே எழுதிக் கேட்டேன். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி முழு போர்டின் படம் அனுப்புங்கள் என்றேன். "டெக்னீஷியனின் அறிக்கையே இறுதியானது" என்று ஒரு வரி வந்தது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனில் பிடித்தால், "சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் காட்டுது" என்கிறார் ஒரு பெண்.

மதர்போர்டுக்குக் கேட்கும் தொகை இன்னும் ஒன்றரை மாதச் சம்பளம். ஏற்கனவே போட்டது மூன்று மாதச் சம்பளம். அவர்கள் காட்டிய படத்தில் இருப்பது என் மெஷினே இல்லை எனும்போது, அந்தப் பணத்தை நான் எதற்குக் கட்ட வேண்டும்? அலுவலக வேலைக்கு இப்போது இரவல் லேப்டாப். மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு அடுத்தவரிடம் கேட்டு வாங்கி வேலை பார்க்கிறேன்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், பழுது தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், அதில் சீரியல் நம்பர் வரட்டும். கவுண்டரிலேயே கீழ்மூடியைக் கழற்றி ஈரக்காட்டி ஸ்டிக்கரைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள், அது வெள்ளையாக இருப்பதைச் சீட்டில் எழுதாமல் கொடுக்காதீர்கள். மாட்டேன் என்றால் மாட்டேன் என்றே எழுதி வாங்குங்கள். போனில் பேசுவதை நம்பாதீர்கள், எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும். கூடுதல் வாரண்டி வாங்கினால் அது யாருடையது, எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்காமல் கம்பெனியின் தளத்தில் சீரியல் நம்பர் போட்டு அன்றைக்கே பாருங்கள். டேட்டாவை வெளியே எடுத்து வையுங்கள். டிஸ்க்கில் இருப்பதை பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயையும் வேறெங்காவது எழுதி வையுங்கள், மதர்போர்டை மாற்றினால் அதைக் கேட்கும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது.

அந்தப் போட்டோவையும் தளத்தில் போட்டிருக்கும் மாடல் விவரத்தையும் சேர்த்து நுகர்வோர் புகாராக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி வேறு மெஷினின் படத்தைக் காட்டி யாரையாவது ஏமாற்றியிருந்தால் கீழே சொல்லுங்கள், இன்றிரவு புகாரை அனுப்புவதற்குள் தெரிந்தால் நல்லது.