கேம்பர் வேனும் இரண்டரை யூனிட் கரண்டும்

போன வாரம் எங்கள் கேம்பர் வேனுக்கு, அதாவது கட்டில், கழிப்பறை, ஏசி எல்லாம் வைத்த வேனுக்கு, இன்வெர்ட்டர் மாற்றியாயிற்று. பழையது கருகிய நாற்றத்தோடு இங்கே கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடக்கிறது. பில்லைப் பார்த்த கோபம் ஆறுவதற்குள் ஓசூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, நாங்களும் ஒரு டிராவலர் வேனை எடுத்து கேம்பரா மாத்தலாம்னு இருக்கோம். மே லீவுக்குள்ள ரெடி ஆயிடும்ங்கறாங்க. மாமாகிட்ட கேட்டா நல்லதா மட்டும்தான் சொல்வார். நீ சொல்லு."

சொல்கிறேன். எத்தனை படுக்கை, எத்தனை லிட்டர் தண்ணீர் டேங்க், சோபாவை இழுத்தால் கட்டில் ஆகுமா என்பதெல்லாம் வேன் செய்து விற்கிறவர்களே வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். டீசல் லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது, என்ஜின் இதுவரை நடுவழியில் நின்றதில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீடியோவில் யாரும் காட்டாத ஒன்று இருக்கிறது. பின்படுக்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு மீட்டர். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும். கோடையில் இந்த வேனில் ஏறினால் குடும்பத் தலைவர் அதுதான்.

கணக்கை வீட்டு கரண்ட் பில் பாஷையிலேயே சொல்லிவிடலாம். எங்கள் பேட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம். பெருக்கினால் 2560 வாட் மணி, அதாவது இரண்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இன்வெர்ட்டர் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் தின்றுவிடும். ஒரு டன் ஏசி, தகரம் சூடேறிய வண்டிக்குள் மணிக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை கேட்கும். பேட்டரி நூற்றுக்கு நூறு இருக்கும்போது ஒன்பதரை மணிக்குப் போட்டால் நள்ளிரவோடு சரி. பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து, டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்து, "பன்னெண்டு பர்சென்ட்தான் இருக்கு, ஆஃப் பண்றேன்" என்பார். அத்தைக்கு அப்போதுதான் கண் அசந்திருக்கும். கத்திரி வெயில் நாளில் பகலெல்லாம் காய்ந்த கூரை நள்ளிரவு வரைக்கும் அனலை உள்ளே இறக்கும். கூரைக்கும் உள்பலகைக்கும் நடுவே அரை இன்ச் தெர்மோகோல்தான் வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கொசு வலை இருக்கிறது, ஆனால் நெடுஞ்சாலை லாரிச் சத்தத்துக்கு எந்த வலையும் இல்லை.

மேலே சோலார் இருக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது, 330 வாட்டில் இரண்டு. காலை முதல் மாலை வரை நல்ல வெயிலில் நின்றால் இரண்டரை யூனிட் கிடைத்துவிடும். ஆனால் வெயிலில் நிற்கிற வண்டிக்குள் யார் உட்கார்வது? மதியச் சாப்பாட்டுக்குப் புளியமரத்தடியில் ஒதுக்கினால் ஜனங்களுக்கு நிம்மதி, பேட்டரிக்குப் பட்டினி. பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே போதும், உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும். சரி என்று வெட்டவெளியில் நிறுத்தினால் ஏசி வேண்டும், ஏசி போட்டால் வருகிற கரண்ட் எல்லாம் அதற்கே போகும். இன்னொன்றும் கேளுங்கள். பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகச் சூடாக, ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மே மாதக் கிருஷ்ணகிரியில் பேனல் மேல் கை வைக்க முடியாது. வெயில் அதிகமான ஊரில் சோலார் நன்றாக ஓடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லி மாமனார் வழிச் சொந்தக்காரர் ஒருவர் ஆசையாகக் கூப்பிட்டார். குளுகுளு நிழல். அன்று சாயங்காலம் மீட்டரில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓடும்போது என்ஜினிலிருந்தும் சார்ஜ் ஏறும். அதற்கு ஒரு 30 ஆம்பியர் சார்ஜர் நடுவில் இருக்கிறது, 400 வாட் மாதிரி கொடுக்கும், அதாவது மணிக்கு 0.4 யூனிட். இங்கிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் முக்கால் யூனிட் வரும். ஆகவே எங்கள் வீட்டில் பயணத் திட்டம் என்றால் ஊர் பார்க்கும் திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே எத்தனை மணி நேரம் ஓட்டினால் ராத்திரிக்கு எத்தனை சதவீதம் தேறும் என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு.

இப்போது ரிப்பேருக்கு வருகிறேன். ஆரம்பத்திலிருந்தே ஏசியோடு இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தும். பாடி கட்டிய பட்டறையில் கேட்டால், "ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்க மேடம்" என்றார்கள். பிறகு ஏசி மட்டும் ஓடினாலே கத்த ஆரம்பித்தது. "பேட்டரி பழசாயிடுச்சு, மாத்துங்க" என்றார்கள். பேட்டரிக்கு வாரண்டியே முடியவில்லை! ராயக்கோட்டை ரோட்டுக் கடைக்காரர் வந்து முதல் வேலையாகக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார், சட்டென்று கையை எடுத்தார். 2000 வாட் கேட்கும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் வேண்டுமாம். பட்டறை போட்டிருந்தது 16. கேபிளிலேயே வோல்ட்டேஜ் விழுந்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் ஏமாந்து கத்தியிருக்கிறது. கடைசியில் இணைப்பு முனை உருகி, இன்வெர்ட்டரும் போனது. நாங்கள் தூங்கும் கட்டிலுக்கு அடியில்தான் இதெல்லாம் நடந்தது என்பதை நினைத்தால் பட்டறைக்காரரைத் திட்டுவதற்கு வார்த்தை போதவில்லை. போனில் அவர் சொன்ன பதில்: "லைட்டு, ஃபேனுக்கு அது தாங்குமே மேடம்."

இதே ஆள் செய்த மரவேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு அலமாரிக் கதவு திறந்துகொண்டதில்லை, ஒரு கீல் தளரவில்லை. தொப்பூர் கணவாயில் இரண்டாவது கியரில் இறங்கும்போதும் பாத்திரம் உருளாது. (தம்பி, அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதே. மூன்றரை டன் வீட்டை இழுத்துக்கொண்டு போகிறாய், பிரேக் சூடேறினால் பிடிக்காது.) மரம் தெரிந்தவருக்கு மின்சாரம் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். தெரிந்தவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றும் எழுதத்தான் வேண்டும்.

கரண்டுக்கு இன்னொரு வழி, போகிற இடத்தில் 15 ஆம்பியர் பிளக்கில் செருகுவது. விடுதிக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டில்தான் சிக்கல். சேலத்தில் சின்னத்தை வீட்டு வாசலில் நிறுத்தி ஒயரை நீட்டினோம். "வீட்டுல மூணு ரூம் இருக்கும்போது வண்டியில படுத்தா தெருவுல என்ன பேசுவாங்க?" என்று ஒரே பிடிவாதம். எல்லோரும் உள்ளே போய் அவர்கள் ஏசியில் தூங்கினோம். வாசலில் எங்கள் வேன் தனியாக நின்று நிம்மதியாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

இவ்வளவு திட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லும்போது ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது கழிப்பறை. வாங்கும்போது நான் அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. மூன்றடிக்கு மூன்றடி அறை, கீழே கழிவு சேர, கழற்றி எடுக்கிற மாதிரி இருபது லிட்டர் பெட்டி, கேசட் என்பார்கள். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற எந்தப் பெண்ணையும் கேளுங்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், பெட்ரோல் பங்க் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவார்கள், கதவைத் திறந்த வேகத்தில் திரும்பி வருவார்கள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. முன்பெல்லாம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட "நான் வரலம்மா, நீங்க போங்க" என்பார். காரணத்தை அவரும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்டதில்லை. வேன் வந்த பிறகு முதலில் ஏறி உட்காருவது அவர்தான். மடியில் ஒரு சொம்புத் தண்ணீர், காலடியில் சொந்தக்காரர்களுக்குச் செந்தூரா, பெங்களூரா மாம்பழம் நிரம்பிய கூடை. ஒக்கேனக்கல்லில் பரிசலில் ஏறிக் கத்தினார் பாருங்கள், அந்த அத்தையை நான் பார்த்ததே இல்லை. கேசட்டைக் கொட்டிக் கழுவுவது இவர் பொறுப்பு. வழியில் அதைக் கொட்ட முறையான இடம் எங்கேயும் கிடையாது, விடுதிக் கழிப்பறையில் கேட்டுக்கொண்டுதான் கொட்ட வேண்டும். அதையும் முகம் சுளிக்காமல் செய்கிறார் என்பதை நியாயமாகப் பதிவு செய்கிறேன்.

இந்த மே மாதத்துக்குத் திட்டம் போட்டாயிற்று. பல கோடை அலைச்சலில் கண்ட வழி ஒன்றுதான்: ராத்திரி மேட்டில் தூங்கு, சமவெளியை வெயில் ஏறுவதற்குள் கட. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். கிருஷ்ணகிரி 500 மீட்டர் சுமார். ஏற்காடு 1500, ஊட்டி 2240. ஏற்காட்டில் ஒரு சின்ன ஃபேன் போதும், ராத்திரி முழுக்க ஓடினாலும் அரை யூனிட் ஆகாது. ஊட்டியில் கம்பளி. ஆக, இந்த வண்டியிலேயே விலை உயர்ந்த சாமானான ஏசி, யாருமே தங்க விரும்பாத ஊர்களில்தான் தேவைப்படுகிறது.

இங்கிருந்து காலை நான்கு மணிக்குக் கிளம்பி, தொப்பூரை வெளிச்சம் வரும்போது இறங்கி, வெயிலுக்கு முன் ஏற்காடு. அங்கே இரண்டு இரவு. அடுத்து ஊட்டி. இதில்தான் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. மத்தியானம் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மலை ஏறலாம் என்கிறார் இவர். புது இன்வெர்ட்டரைச் சோதித்துப் பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை. வழியில் ஓடுகிற நான்கைந்து மணி நேரத்தில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஏற்காட்டிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே இறங்கினால் பத்து, பத்தரைக்கெல்லாம் குன்னூரில் நிற்கலாம் என்கிறேன் நான். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவது வழக்கம் என்பதால் அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். அத்தை என் பக்கம்.

தம்பிக்கு இரண்டு விஷயம். நீலகிரிக்கு இ-பாஸ் இல்லாமல் போக முடியாது. 2024 மே மாதம் வந்த நடைமுறை அது, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு ஊட்டிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. ஆகவே வண்டி தயாராவதற்கு முன்பே நாளைக் குறித்துக்கொண்டு குதிக்காதே. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே கூடாது, நமக்கு டேங்க் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. இரண்டாவது, டிராவலரை வாங்கி உள்ளே கட்டில் போட்டால் மட்டும் அது கேம்பர் ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் மாற்றம் ஏற வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

பட்டறையில் பேசும்போது ஏசி எத்தனை டன் என்று கேட்காதே. கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேள், எழுதி வாங்கு. காசு மிச்சமிருந்தால் ஏசிக்குப் பதிலாகக் கூரைக்கு நல்ல இன்சுலேஷனும், இரண்டாவது பேட்டரியும் போடச் சொல். இவ்வளவுக்கும் பிறகு என் தீர்ப்பைக் கேட்டால், வாங்காதே. ஓசூரில் இருக்கிறாய், அங்கே அவ்வளவு வெயிலும் இல்லை, காரில் போய் விடுதியில் தங்கு, பாதிச் செலவில் முடியும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் கழிப்பறைக்காக.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வண்டியைப் பார்த்து, நல்ல விலையே கேட்டுவிட்டுப் போனார். கொடுத்துவிடலாமா என்று இவர் கேட்டார். ஊட்டி போய் வந்து பேசலாம் என்று சொன்னேன். தீபாவளிக்குத் திருச்செந்தூர் போகவேண்டும் என்று அத்தை வேறு சொல்லியிருக்கிறார். அதுவும் முடியட்டும்.