நாடக சபா வரலாற்று நடை: 600 ரூபாய்க்குத் தகுமா?

பழைய நாடக சபாக்களின் கதையைச் சொல்லிக்கொண்டே சென்னையைச் சுற்றிக் காட்டும் நடை ஒன்றுக்குப் போன ஞாயிறு காலை போய் வந்தேன். தலைக்கு 600 ரூபாய், மூன்று மணி நேரம், தூரமான இடத்துக்கு வேன். நடத்துகிறவர்கள் சின்னக் குழு, நான் குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

ஆறே முக்காலுக்கு விக்டோரியா பப்ளிக் ஹால் வாசலுக்கு வரச் சொன்னார்கள், ஆரம்பித்தது ஏழரைக்கு. திரை தூக்குவதில் நேரம் தவறாதவர் நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் என்று வழிகாட்டி முதல் ஐந்து நிமிடத்திலேயே சொன்னபோது, தாமதமாக வந்த அவரே கொஞ்சம் அசடு வழிந்தார். ஆனால் விஷயம் தெரிந்த பையன். 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு தன் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டதையும், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூச்சமில்லாமல் வேஷம் கட்டியதைப் பார்த்து அசந்துபோன 18 வயது சம்பந்தம் அதே ஆண்டு நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியதையும் அழகாகச் சொன்னார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவராம் சம்பந்தம். கூத்தாடி என்று ஊர் ஏசிய காலத்தில், பின்னாளில் நீதிபதியான சம்பந்தம் மேடை ஏறினார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபை மேடையில் நடித்தவர்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் அவர் தீர்த்துவைத்தார். சபா என்று பெயர் இருந்தாலே அமெச்சூர், அதாவது பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்கு நடிப்பவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, பெயரில் சபை இருந்தாலும் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்த தொழில்முறை பாய்ஸ் கம்பெனி. சுகுண விலாச சபையிலோ பகலில் கோர்ட், ஆபீஸ், மாலையில் ஒத்திகை. அப்புறம் காலம் போகப் போக சபா என்ற சொல்லே நடிக்கிறவர்களை விட்டுவிட்டு, சந்தா வாங்கிக் கச்சேரியும் நாடகமும் ஏற்பாடு செய்கிறவர்களிடம் போய்விட்டது. இந்த ஒரு விஷயத்துக்கே பாதிக் காசு தகும்.

எழும்பூரில் மியூசியம் தியேட்டரை வெளியே இருந்தே பார்த்தோம். 1955-இல் தொடங்கிய ஆங்கில நாடகக் குழுவான மெட்ராஸ் பிளேயர்ஸ் பற்றி இரண்டு வரி, அவ்வளவுதான். மவுண்ட் ரோட்டில் வேனை நிறுத்தக்கூட இல்லை. சுகுண விலாச சபை நாடகத்திலிருந்து கிளப்பாக மாறியதைச் சிக்னலில் நிற்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம், ஏனென்றால் நான் கேட்க வந்ததே அதைத்தான்: சொந்த இடம், உறுப்பினர், சந்தா எல்லாம் வந்த பிறகு நாடகம் ஏன் பின்னுக்குப் போகிறது?

அந்தக் கையடக்க ஸ்பீக்கர் வேறு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை கீச்சென்று அலறியது.

நல்லவேளையாக எங்களோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபதுகளில் ஆபீஸ் நாடகக் குழுவில் பிராம்ப்டராக இருந்தவராம். வேனில் என் பக்கத்து சீட். "வசனத்தை மறந்தப்புறம் எடுத்துக் கொடுத்தா லேட்டு தம்பி. மூச்சு வாங்குறான் பாருங்க, அப்பவே முதல் வார்த்தையைப் போட்டுடணும்" என்று சொல்லி, சைடு விங்கில் டார்ச்சைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு எப்படிக் குனிந்து நிற்பார் என்று சீட்டிலேயே செய்து காட்டினார். கதாநாயகன் ஒரு பக்கத்தையே தாண்டிப் பேசிவிட்ட அன்று, கதாநாயகியின் அப்பா மேடைக்கு வராமலே நாடகம் முடிந்துபோனதாம். மேக்கப் போட்டுக்கொண்டு நின்ற அந்த அப்பா, ஆபீசில் இவருடைய செக்‌ஷன் ஹெட். அடுத்த ஆறு மாதம் லீவு கேட்டால் கிடைக்கவில்லை என்றார்.

ஏஜீஸ் ஆபீசில் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டே பாலசந்தர் நாடகம் போட்டதும், ரயில்வே குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாகேஷ் மேடை ஏறியதும் வழிகாட்டியின் அட்டையில் இருந்தன. ஆனால் அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குப் பெரியவர் சொல்லித்தான் புரிந்தது. அவர் குரலை உயர்த்தியதும் வழிகாட்டி, "சார், நேரமாகுது" என்று நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தவர் சொல்கிற பேச்சா அது!

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். வரலாறு சரியாக இருக்கிறது, உளறல் இல்லை, கட்டடம் பிடித்தவர்கள் தாராளமாகப் போகலாம். தண்ணீர் அவர்கள் தர மாட்டார்கள், தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். வேனில் ஏறும்போது வழிகாட்டிக்குப் பக்கத்து சீட்டைப் பிடிக்காமல், கூட்டத்திலேயே வயதானவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.