கம்பம் பன்னீர் திராட்சை ஜாமுக்கு எந்த இனிப்பு? மூன்றையும் போட்டுப் பார்த்தேன்

என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட வேன் காலையில் ஏழே முக்காலுக்கு வாசலுக்கு வந்துவிடும். அந்த அவசரத்திலும் அவள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவது ஜாம் தடவிச் சுருட்டிக் கொடுத்த சப்பாத்தி ஒன்றைத்தான். ஒருநாள் காலியான ஜாம் பாட்டிலைக் கழுவும்போது அதன் பின்பக்கத்தை முழுசாகப் படித்தேன். சேர்மானங்களில் முதல் பெயரே சர்க்கரை. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பழம் அதற்குப் பின்னால்தான் வந்தது. நாங்கள் இருப்பது தேனியில். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் திராட்சை காய்க்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு குழந்தைக்குப் பழத்தைவிடச் சர்க்கரையை அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறுத்தியது.

அதனால் வெள்ளைச் சர்க்கரை இல்லாமல் ஜாம் காய்ச்சத் தொடங்கினேன். பழம் எல்லாத் தடவையும் ஒன்றுதான், சுருளிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது இதுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். தோல் கறுத்திருக்கும், கொட்டை இருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும். இனிப்பை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன்: நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சை. இந்த மூன்றில் எது ஜாமுக்கு ஆகும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

செய்முறையில் மாற்றமில்லை. ஒரு கிலோ திராட்சையை உதிர்த்து, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கழுவி, அடிகனமான பாத்திரத்தில் சொட்டுத் தண்ணீர் விடாமல் வேகவைப்பேன். பத்து நிமிஷத்தில் தோல் பிய்ந்து சாறு விட்டுக்கொள்ளும். மத்தால் மசித்துச் சல்லடையில் தேய்த்து வடித்தால் கொட்டை மேலே நின்றுவிடும். மிக்ஸியில் மட்டும் அடிக்காதீர்கள். கொட்டை உடைந்து கசப்பு இறங்கினால் அதை எதைப் போட்டும் எடுக்க முடியாது. வடித்த கூழில் இனிப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளறுவதுதான் மிச்ச வேலை.

முதலில் பேரீச்சை. கொட்டை எடுத்த பழம் 250 கிராமை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தேன். சீக்கிரமே கெட்டியானது. ஆனால் அது ஜாம் இறுகியதால் வந்த கெட்டி இல்லை, விழுதின் கெட்டி. நாக்கில் துவையல் மாதிரி பட்டது. திராட்சை வாசனை முன்னே வரவில்லை. இன்னொரு பாடமும் அதிலேயே கிடைத்தது. அந்தப் பாட்டிலை வழக்கம்போல அலமாரியில் வைத்தேன். ஆறாம் நாள் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூசணம். முழுவதையும் கொட்டினேன். பழத்தைக் கொட்டும்போது மனசு கஷ்டப்பட்டது.

ஏன் அப்படி ஆனது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஜாம் என்ற பெயரில் நம் நாட்டில் விற்பதில் கரைந்த திடப்பொருள், அதாவது சர்க்கரை மாதிரி நீரில் கரைந்து நிற்பவை, 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பழம் 45 சதவீதம் இருந்தால் போதும். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி என்றால் 25 சதவீதமே போதும். அந்த 65க்குப் பெரும்பாலும் சர்க்கரைதான் கைகொடுக்கிறது. அவ்வளவு சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூசணத்துக்கு ஈரம் கிடைப்பதில்லை. பழத்திலுள்ள பெக்டின் கெட்டியாக வலை பின்னுவதற்கும் இதே சர்க்கரையும் புளிப்பும் வேண்டும். நாம் இனிப்பைக் குறைத்தால் இரண்டும் குறையும்; ஜாம் தளர்வாக இருக்கும், வெளியே வைத்தால் கெடும். வீட்டு ஜாமைச் சட்னி மாதிரி நினைத்துக் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். இது மனசில் பதிந்த பிறகு நான் ஒரு பாட்டிலையும் கொட்டவில்லை.

அடுத்தது கருப்பட்டி. முதலில் இங்கே ஒரு கடையில் வாங்கினேன். கடித்தால் நறநறவென்று வெறும் இனிப்பு. அந்த லேசான கரிப்பும் புகை மணமும் இல்லவே இல்லை. சர்க்கரை கலந்தது என்று நாக்கே சொல்லிவிட்டது. சரி என்று அத்தையிடம் சொன்னேன். என் மாமியார் திருச்செந்தூர் பக்கம். உடன்குடியிலிருந்து இரண்டு கிலோ ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தார். கிலோ 400 ரூபாய். உடைத்து முகர்ந்தபோதே வித்தியாசம் தெரிந்தது.

அடுப்பு முன்னால் நின்று அத்தை சொன்னார், “இதுல சுண்ணாம்பு இருக்கும்மா. புளிப்பைத் தின்னுடும். எலுமிச்சம்பழம் ஒண்ணு கூடவே பிழி.” பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அதன் மிச்சம் கருப்பட்டியிலும் கொஞ்சம் வரும். அவர் சொன்னது கண்ணெதிரே நடந்தது. கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றியதும் திராட்சைக் கூழின் செம்மை மங்கிக் கறுநீலமாகப் போனது. இரண்டாவது எலுமிச்சையைப் பிழிந்ததும் கொஞ்சம் சிவப்பு திரும்பியது. ஜாம் நன்றாகவே இறுகியது. ருசியில்தான் சிக்கல். வாயில் வைத்தால் முதலில் கருப்பட்டி, கடைசியிலும் கருப்பட்டி, திராட்சை எங்கேயோ நடுவில். மகள் ஒரு வாய் வாங்கிவிட்டு, “ஆச்சி, இது காப்பி மாதிரி இருக்கு” என்றாள். பன்னீர் திராட்சையை வாங்குவதே அந்த வாசனைக்காக. அதை அமுக்கிவிடுகிற இனிப்பு, எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும், இந்தப் பழத்துக்கு ஆகாது.

ஆனால் கருப்பட்டியைத் தள்ளிவிடாதீர்கள். வாழைப்பழத்தோடு அது பிரமாதம். தோல் கறுக்க ஆரம்பித்த கற்பூரவள்ளி ஒரு கிலோ, கருப்பட்டி 200 கிராம், எலுமிச்சை ஒன்றரை, இறக்கும்போது நாலு ஏலக்காய். இந்த ஜாமை அத்தை தோசைக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

இப்போது நாட்டுச்சர்க்கரை. இதில்தான் நான் நின்றுவிட்டேன். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில் விளைந்த கரும்பிலிருந்து எடுத்தது. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் மூட்டை மூட்டையாக நாட்டுச்சர்க்கரை வாங்குகிறார்கள். யோசித்துப் பார்த்தால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பஞ்சாமிர்தமே அடுப்பில் ஏற்றாத ஒரு பழ ஜாம்தானே! விருப்பாச்சி மலைவாழையும் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்தால் பழ வாசனை எப்படி நிற்கும் என்று நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே தெரியும். அதைத்தான் திராட்சையிலும் பார்த்தேன். ஒரு கிலோ பழத்துக்கு 300 கிராம், ஒரு எலுமிச்சை. அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து மெல்லிய துணியில் வடித்துச் சேர்த்தேன். இந்த வடிகட்டலை விடாதீர்கள், துணியில் கொஞ்சம் கசடு தங்கும்.

நடுத்தரத் தீயில் அரைமணி நேரம் ஆனது. கடைசிப் பத்து நிமிஷம் கையை எடுக்கக் கூடாது, அடி பிடித்துவிடும். பதம் பார்க்க ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்து விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். கிடைத்தது ஏறக்குறைய 600 கிராம். நிறம் கடை ஜாம் அளவுக்குப் பளபளக்காது, நாவல்பழக் கறை மாதிரி அடர்ந்திருக்கும். கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும். ஆனால் மூடியைத் திறந்ததும் பன்னீர் வாசனை வருகிறது, அதன் பின்னால் கரும்பின் மெல்லிய இனிப்பு. கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டெடுத்துக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல், ஃப்ரிட்ஜில் மூன்று வாரம் வரை எங்கள் வீட்டில் கெடவில்லை.

செலவையும் சொல்கிறேன். போன முறை திராட்சை 80 ரூபாய், நாட்டுச்சர்க்கரை கிலோ 70 வீதம் 21 ரூபாய், எலுமிச்சை 5 ரூபாய். கேஸ் சேர்க்காமல் 106 ரூபாய்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். “வெள்ளைச் சர்க்கரை இல்லையே, நான் தாராளமா சாப்பிடலாம்ல?” என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன். நாட்டுச்சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி இருப்பது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். பழத்தின் இனிப்பும் கூடச் சேரும். நான் இதைக் காய்ச்சுவது மகள் தட்டில் பழம் அதிகமாகவும் சேர்க்கும் இனிப்பு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக. மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாட்டுச்சர்க்கரை வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள். வெல்லத்துக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் நிறம் வெளுக்க ரசாயனம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மங்கலான பழுப்பு நிறத்தில், கையில் பிடித்தால் லேசாக ஒட்டுகிற ஈரத்தோடு இருப்பதாகப் பாருங்கள். கால் கிலோ வாங்கி ஒரு தடவை காய்ச்சிப் பார்த்துவிட்டு அப்புறம் மொத்தமாக வாங்குங்கள். நான் இப்போது மாதம் ஒரு கிலோ வாங்குகிறேன், அதில் 600 கிராம் ஜாமுக்கே போகிறது.