கர்னல் கற்க எதை எடுக்கலாம்: புத்தகம், லேப், போர்டு பற்றிய மதிப்பீடு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலைக் கற்றுத்தரும் எதை எடுத்தாலும், அதில் உள்ள கோடு எந்தக் கர்னல் பதிப்பில் கம்பைல் ஆகும் என்று முதலில் கேளுங்கள். சென்னையில் டிவைஸ் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் கர்னல் கோடு) வகுப்பில் சேர விசாரிக்கப் போனாலும் இதையே கேளுங்கள். பதில் 2.6 என்ற மிகப் பழைய வரிசையாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கும் ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ மூன்றாம் பதிப்பு 2005 இல் வந்தது. அது எழுதப்பட்டது 2.6.10 கர்னலுக்கு. பிடிஎஃப் சட்டப்படியே இலவசம், எழுத்து அருமை. ஆனால் அதன் முதல் பெரிய உதாரணமான ‘ஸ்கல்’ டிரைவரை 6 வரிசைக் கர்னலில் கம்பைல் செய்தால் வரிசையாக எரர்தான். கான்ஃபிக் ஹெடர் ஃபைல் இப்போது கிடையாது. டிரைவர் தன் ஃபங்ஷன்களைப் பதிவுசெய்யும் ஃபைல் ஆபரேஷன்ஸ் பட்டியலில் ‘ஐஆக்டில்’ போய் ‘அன்லாக்ட்_ஐஆக்டில்’ வந்துவிட்டது. ‘இனிட்_மியூடெக்ஸ்’ எடுக்கப்பட்டுவிட்டது, அதற்குப் பதில் ‘செமா_இனிட்’ போட வேண்டும். ‘அக்செஸ்_ஓகே’ 5.0 முதல் இரண்டு ஆர்கியுமென்ட் மட்டுமே வாங்குகிறது. இவற்றைத் திருத்தியே நிறையக் கற்கலாம் என்று சொல்வார்கள். சி நன்றாகத் தெரிந்தவருக்கு அது சரி. புதிதாக வருபவருக்கோ, தவறு தன் கோடிலா புத்தகத்திலா என்றே தெரியாமல் போகும்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஐந்தாம் அத்தியாயம் (கன்கரன்ஸி, அதாவது ஒரே நேரத்தில் பல வேலை ஓடுவது), பத்தாம் அத்தியாயம் (இன்டரப்ட்), பதினைந்தாம் அத்தியாயம் (மெமரி மேப்பிங், சிபியு இல்லாமலே ஹார்டுவேர் மெமரியைத் தொடும் டிஎம்ஏ) மூன்றும் கருத்தளவில் இன்றும் நிற்கின்றன. போர்டில் எந்த ஹார்டுவேர் எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. ஏஆர்எம் போர்டுகளில் வேலை செய்யப் போகிறவருக்கு அது பெரிய ஓட்டை. ராபர்ட் லவ் எழுதிய ‘லினக்ஸ் கர்னல் டெவலப்மென்ட்’ மூன்றாம் பதிப்பு 2010ஐச் சேர்ந்தது, வாசிக்க முந்தைய புத்தகத்தைவிட எளிது. அதன் ஷெட்யூலர் (எந்த வேலைக்கு எப்போது சிபியு என்று முடிவு செய்யும் பகுதி) அத்தியாயத்தைப் படிக்கும்போது 6.6 இல் ‘இஇவிடிஎஃப்’ என்ற புது முறை வந்துவிட்டதை நினைவில் வையுங்கள். காசு கொடுத்து ஒரே ஒரு புத்தகம் வாங்குவதாக இருந்தால் கைவன் பில்லிமோரியாவின் ‘லினக்ஸ் கர்னல் புரோகிராமிங்’ இரண்டாம் பதிப்பை வாங்கலாம். 2024 இல் வந்தது, 6.1 கர்னலை வைத்து எழுதப்பட்டது.

இலவசமாகக் கிடைப்பவற்றில் எங்கள் முதல் தேர்வு, புக்கரெஸ்ட் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ‘லினக்ஸ் கர்னல் லேப்ஸ்’. எல்லாம் க்யூஎமு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவதால், கர்னல் பேனிக் ஆகி (மீளாமல் நின்று) போனாலும் உங்கள் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு லேபிலும் பாதி எழுதிய கோடு தரப்படும், ‘டூடூ’ என்று குறித்த இடங்களை நீங்கள் நிரப்ப வேண்டும். கர்னல் ஏபிஐ லேபில் ஒரு பயிற்சி: தூங்கக் கூடாத பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே, தூங்க வைக்கும் ‘ஷெட்யூல்_டைம்அவுட்’ கூப்பிடச் சொல்கிறார்கள். ‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ என்ற பிழையும் ஸ்டாக் டிரேஸும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) திரையில் வந்து விழும். அந்த டிரேஸைக் கீழிருந்து மேலாகப் படித்து, எந்த ஃபங்ஷனில் லாக் பிடித்தோம், எங்கே தூங்கப் போனோம் என்று கண்டுபிடிக்கப் பழகுவதுதான் கர்னல் வேலையின் அடிப்படை. எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு கைபிடித்துச் சொல்லித் தருவதில்லை.

குறைகளும் உண்டு. பாடங்கள் 5.10 கர்னலை ஒட்டியவை, பெரும்பாலும் எக்ஸ்86 பிராசஸருக்கானவை. விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உபுண்டு போட்டு, அதற்குள் க்யூஎமு ஓட்டினால் பெரும்பாலும் கேவிஎம் (மெய்நிகர் இயந்திரத்தை வேகப்படுத்தும் வசதி) கிடைக்காமல் எல்லாம் ஊர்ந்து போகும். லினக்ஸை நேரடியாக லேப்டாப்பில் நிறுவிவிடுங்கள். பாதிக் கோடை உருவாக்கித் தரும் ‘மேக் ஸ்கெல்ஸ்’ கட்டளையை மறுபடி கொடுப்பதற்கு முன் எழுதி முடித்ததை வேறு டைரக்டரியில் நகல் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மேலெழுதிவிடும்.

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்டி103 இலவசப் பாடம் கர்னலை பில்டு செய்வது முதல் பேட்ச் (கோடுக்கான திருத்தம்) அனுப்புவது வரையிலான நடைமுறைக்கு நல்லது. கர்னலின் உள்வேலை புரிய அது போதாது. அதைப் பின்பற்றி உபுண்டுவின் கான்ஃபிக்கை (கர்னலில் எதெது சேர வேண்டும் என்ற ஃபைல்) நகலெடுத்து பில்டு செய்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: உபுண்டுவை வெளியிடும் கனானிக்கலின் சான்றிதழ் ஃபைல் இல்லை என்று மேக் நின்றுவிடும். கான்ஃபிக்கில் ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’, ‘சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்’ இரண்டையும் காலி செய்தால் தாண்டிவிடலாம். அதே கான்ஃபிக்கில் டீபக் தகவலும் சேர்ந்தே வருவதால் டிஸ்க்கில் பல ஜிபி இடத்தை பில்டு பிடித்துக்கொள்ளும். ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தால் உங்கள் இயந்திரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் கர்னல் துண்டுகள்) மட்டும் பில்டு ஆகும். பென்டிரைவ், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் செருகிவிட்டு அதைக் கொடுங்கள். இல்லையென்றால் புதுக் கர்னலில் அவை வேலை செய்யாது.

ஹார்டுவேரைத் தொட வேண்டும் என்றால் பூட்லின் நிறுவனத்தின் பயிற்சிப் பொருட்கள்தான். ஸ்லைடுகள், லேப் கையேடு இரண்டும் இலவசம், தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள், டிவைஸ் ட்ரீயும் விரிவாக இருக்கிறது. ஆசிரியர் பேசுவதற்காகச் செய்த ஸ்லைடுகள் என்பதால் சில பக்கங்கள் வெறும் குறிப்பாக நிற்கும். பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினி போர்டில் வீ நன்சக் என்ற கேம் கன்ட்ரோலரை ஐ2சி (இரண்டு வயர் பஸ்) வழியாக இணைத்து டிரைவர் எழுதும் லேப் அருமையானது. போர்டோடு பேசுவதற்கான சீரியல் கேபிளைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சும்மா ‘யூஎஸ்பி டு டிடிஎல்’ என்று கேட்காதீர்கள், 3.3 வோல்ட் சிக்னல் என்று சொல்லிக் கேளுங்கள். 5 வோல்ட் சிக்னல் போர்டைக் கெடுத்துவிடக்கூடும். போர்டின் ஜே1 ஹெடரில் (பின் வரிசை) பின் 1 கிரவுண்டு, 4 ஆர்எக்ஸ் (வாங்குவது), 5 டிஎக்ஸ் (அனுப்புவது). கேபிளின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், பவர் வயரை இணைக்கவே கூடாது. வேகம் 1,15,200 பாட். நன்சக்குக்கு பி9 ஹெடரில் 1 கிரவுண்டு, 3 இல் 3.3 வோல்ட், 17 கிளாக், 18 டேட்டா. மலிவான நகல் நன்சக்கின் கேபிளை வெட்டினால் வயர் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். ஐ2சி முகவரி 0x52 இல் பதில் வரவில்லையென்றால் பெரும்பாலும் கிளாக்கும் டேட்டாவும் மாறியிருக்கும், அல்லது டிவைஸ் ட்ரீயில் அந்த பஸ்ஸின் ஸ்டேட்டஸ் ‘ஓகே’ ஆகியிருக்காது.

எம்ஐடி பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 இயங்குதளம் சிறியது, ஆர்ஐஎஸ்சி-வி பிராசஸரில் ஓடுவது. அதே வகையான, ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசஸர் பக்கம் போக விரும்புபவர்கள் அதில் பேஜ் டேபிள் (மெமரி முகவரிகளை மாற்றித் தரும் அட்டவணை) பகுதியையாவது முடித்துவிடுங்கள்.

பேட்ச் அனுப்பக் கற்க, கர்னல் சோர்ஸுக்குள்ளேயே இருக்கும் ‘சப்மிட்டிங் பேட்சஸ்’ ஆவணம் போதும். கோடு நடையைச் சோதிக்கும் ‘செக்பேட்ச்’ ஓட்டுங்கள், ‘கெட்_மெயின்டெய்னர்’ தரும் பொறுப்பாளர் முகவரிகளுக்கு ‘கிட் சென்ட்-இமெயில்’ மூலம் அனுப்புங்கள். பிரவுசர் ஜிமெயிலில் ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகி பேட்ச் அப்ளை ஆகாது. ஜிமெயிலின் எஸ்எம்டிபிக்கு (மெயில் அனுப்பும் சர்வர்) ஆப் பாஸ்வேர்டு என்ற தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். ஓஎம்ஆர் அலுவலக நெட்வொர்க்கில் அந்த சர்வருக்கான 587 போர்ட் அடைத்திருந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்து அனுப்புங்கள். பதில் வரவில்லை என்று மறுநாளே நினைவூட்டாதீர்கள், குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது அந்த ஆவணம்.