ட்ராங்குவில்லினா வெள்ளிக்காசு: 85,000 ரூபாய் போச்சு, நீங்களாவது தப்பிங்க

எனக்குப் போலி ரோமக் காசு வித்த அதே ஆள், நேத்து ராத்திரி இன்னொரு ட்ராங்குவில்லினா காசை ஏலத்துல விட்டிருக்கான். யாரும் கேட்காதீங்க. போன மாசம் என்னோட 85,000 ரூபாயை முழுங்கினதும் இதே அச்சுக் காசுதான். தாடைக்குக் கீழே அதே கீறல், ஏழு மணி முள் இடத்துல அதே வெடிப்பு.

ரோமப் பேரரசர் மூன்றாம் கோர்டியன் 241-ல் கல்யாணம் பண்ணிக்கிட்ட ராணிதான் ட்ராங்குவில்லினா. அங்கியாலஸ், சிங்காரா மாதிரி ஊர்கள் அடிச்ச செப்புக் காசு தாராளமா கிடைக்கும். ரோம் நாணயச்சாலையோட 'அந்தோனினியானஸ்'ங்கிற வெள்ளிக்காசு வகைதான் அபூர்வம். பிறை மேல மார்பளவு உருவம், பின்பக்கம் ராஜாவும் ராணியும் கைகோர்த்து நிக்க, சுத்தி 'கான்கார்டியா' (ஒற்றுமை)ன்னு எழுத்து. படத்துல எல்லாம் சரி. தராசுல வெச்சு வீடியோவும் அனுப்பினான், 4.31 கிராம். அங்கதான் விழுந்தேன். "கரூர் அமராவதி ஆத்துல கிடைச்சது சார், தாத்தா காலத்துது"ன்னப்பவே உஷாராகியிருக்கணும். அங்க கிடைக்கிற ரோம வெள்ளி பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ்ங்கிற பேரரசர்கள் காலத்துக் காசு. அதுக்கு இருநூறு வருஷம் பிந்தின காசுக்கு அங்க என்ன வேலை?

நிஜக் காசுல வார்ப்பு அச்சு எடுத்தா முகமும் எழுத்தும் அப்படியே வரும். எடையையும் சரிக்கட்டிடலாம். மாட்டிவிடுறது மேற்பரப்பு. பத்து மடங்கு லென்ஸ்ல பார்த்தா எழுத்து மேலேயே ஊசிமுனைக் குழிகள், உருக்கின வெள்ளியில சிக்கின காத்து. கூந்தல் கோடெல்லாம் கரைஞ்ச சோப்பு மாதிரி. விளிம்பைச் சுத்தி அரம் ஓடின தடம், அச்சோட ரெண்டு பாதியும் சேர்ந்த கோட்டை ராவியிருக்கான். ஒரே முத்திரையில அடிச்ச ரெண்டு காசுக்கு முகம் ஒண்ணா இருக்கலாம். வெள்ளி வில்லை வேற வேற, அதனால வெடிப்பும் கீறலும் ஒண்ணா வரவே வராது.

கேட்டதுக்கு "லைட்டிங் சார்". அடுத்த நாள் "கிளீனிங் பண்ணினது சார்". அப்புறம் பதிலே இல்லை. ஏலத் தளத்துக்காரங்க, 14 நாள் ரிட்டர்ன் ஏலம் முடிஞ்ச தேதியிலிருந்துதானாம். பார்சல் வந்ததே 13-ம் நாள்! லேமினேட் பண்ணின சான்றிதழ் ஒண்ணு இருக்கு, அவனே அடிச்சது. அதுக்கு 85,000.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியலை. விளிம்பு போட்டோ நாலு பக்கமும் கேளுங்க. பழைய ஏலப் படங்களோட கீறலை ஒப்பிடுங்க. டிரையன்டில்லாங்கிற இன்னொரு ரோம ராணியோட காசுன்னா அடியில பழைய டினாரியஸோட (ரோம வெள்ளிக்காசு) மிச்சம் தெரியுதான்னு பாருங்க, அதெல்லாம் பழைய காசு மேல திருப்பி அடிச்சது. முன்பணம் யூபிஐ-ல அனுப்பவே அனுப்பாதீங்க.

அவன் ஏலம் ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு முடியுது. இப்பவே மூணு பேர் கேட்டிருக்காங்க.