மூன்று நாவல்கள்: படித்தும் பார்த்தேன், கேட்டும் பார்த்தேன்

வாழைப்பூ ஆய்ந்துகொண்டே 'த தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவலை ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பூவையும் விரித்துக் கள்ளனை உருவ வேண்டும், அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சின்னச் செதிலையும் கிள்ள வேண்டும். தடவிக்கொண்ட நல்லெண்ணெயையும் மீறி விரல்களில் கறை ஏறியிருந்தது. காதில் நடிகை லெஸ்லி மான்வில்லின் குரல். ஒரு பெயர் வந்தது. முன்பே எங்கோ கேட்ட பெயர்தான், ஆனால் ஆள் யாரென்று பிடிபடவில்லை. புத்தகமாக இருந்தால் நாலு பக்கம் பின்னால் புரட்டியிருப்பேன். இந்தக் கையோடு போனைத் தொட முடியாது. அந்த ஆள் யாரென்று தெரியாமலேயே மூன்று அத்தியாயம் ஓடிவிட்டது.

அன்று ராத்திரி அதே நாவலை அச்சில் எடுத்துத் தேடினேன். அரை நிமிடத்தில் கிடைத்தது. இடதுபக்கத் தாளில், மேலிருந்து இரண்டாவது பத்தி. படித்த விஷயம் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று கண்ணுக்கு நினைவிருக்கிறது. கேட்டதற்கு அப்படி ஒரு முகவரி கிடையாது.

'ஆடியோபுக் உசத்தியா, அச்சு உசத்தியா' என்ற பொதுச் சண்டையை அன்றோடு விட்டுவிட்டேன். எந்த நாவலுக்கு எது என்றுதான் கேட்க வேண்டும். சமீப வருஷங்களில் பலரும் பேசிய மூன்று ஆங்கில நாவல்களை இரண்டு வழியிலும் முடித்துவிட்டு எனக்கு ஏற்பட்டிருக்கும் தீர்மானம் இது: கதைக்குள் ஓர் ஆள் 'நான்' என்று தன் வாயால் பேசினால் அதைக் கேட்கலாம். கதைசொல்லி வெளியே நின்று, துப்புகளைத் தூவிக்கொண்டே போனால் அதைப் படிக்க வேண்டும்.

முதலில் ஆண்டி வியர் 2021இல் எழுதிய 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி'. ஒருவன் கண் விழிக்கிறான். தன் பெயர்கூட நினைவில்லை. இரண்டும் இரண்டும் எத்தனை என்று ஒரு கணினிக் குரல் அவனைக் கேட்கிறது. பக்கத்துப் படுக்கைகளில் இருவர் இறந்து கிடக்கிறார்கள். தான் ஒரு விண்கலத்தில் இருப்பதும், சூரியனின் வெளிச்சத்தைத் தின்னும் ஒரு நுண்ணுயிரால் பூமி அழியப்போவதும், தான் அடிப்படையில் ஒரு பள்ளி அறிவியல் வாத்தியார் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவனுக்கு நினைவு வருகிறது. தாம்பரத்திலிருந்து பீச் வரை போகும் மின்சார ரயிலில் இதைக் கேட்டேன். மொத்தம் பதினாறு மணி நேரம். போக வர இரண்டு வேளையும் கேட்டுப் பத்து வேலை நாளில் முடிந்தது.

முதலில் அச்சில்தான் படித்திருந்தேன். பிடித்திருந்தது. ஆனால் ராக்கி என்ற வேற்றுக்கிரகவாசி வரும் இடங்களில் ஒரு குறை இருந்தது. ராக்கிக்குக் கண்ணே கிடையாது. அவன் இனத்துக்குப் பார்வை என்ற ஒன்றே கிடையாது. ஒலியை வைத்துத்தான் உலகத்தையே 'பார்க்கிறார்கள்'. அவன் பேசும் மொழி இசைச் சுரங்களால் ஆனது. அச்சில் அந்தச் சுரங்கள் சின்னச் சின்ன இசைக்குறிகளாக வரும், என் கண் அவற்றைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். ஒலிநூலில் அவை உண்மையான சுரங்களாகவே ஒலிக்கின்றன. ஆரம்பத்தில் வெறும் ஒலிதான், ஒன்றும் புரியாது. நாயகன் கிரேஸ் அந்த மொழியைக் கற்கக் கற்க, சுரங்களோடு பேச்சும் சேர்ந்துகொள்கிறது. அவனோடு கூடவே நம் காதும் பழகுகிறது. கண்ணில்லாத ஓர் உயிரைக் காதால் மட்டும் அறிந்துகொள்வதைவிடப் பொருத்தமான வழி என்ன இருக்க முடியும்? முதல் தடவை ராக்கியின் சுரங்கள் ஒலித்தபோது குரோம்பேட்டை தாண்டியிருந்தது. ரயிலின் இரைச்சலுக்கு நடுவில் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்.

வாசித்தவர் ரே போர்ட்டர். ராக்கியின் பேச்சை அவர் கையாண்ட விதம் தமிழ்க் காதுக்கு ரொம்ப நெருக்கமானது. ராக்கி எதையாவது கேட்டால் வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் 'கேள்வி' என்ற சொல்லைச் சேர்ப்பான். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இது விநோதமாக இருக்கலாம். நாம் செய்வதும் இதுதானே? 'வந்தான்' என்று சொல்லி முடித்து, கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் 'வந்தானா'. வாக்கியத்தின் வரிசை மாறுவதில்லை, கேள்வி கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அச்சில் படித்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை. போர்ட்டர் அந்தச் சொல்லை இழுக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னதைக் கேட்டபோதுதான் தோன்றியது.

அச்சுக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. புத்தகத்தின் முன்பக்கங்களில் விண்கலத்தின் வரைபடம் இருக்கிறது. கலம் இரண்டாகப் பிரிந்து, கம்பிகளில் தொங்கிச் சுழன்று, உள்ளே ஈர்ப்பு விசையை உண்டாக்கும் இடத்தைக் காதால் மட்டும் கேட்டால் குழம்பிப்போவீர்கள். அந்த ஒரு படத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கேட்கத் தொடங்குவது நல்லது. கணக்குகள் வரும் பத்திகளும் காதில் நிற்பதில்லை, ஆனால் விடையை கிரேஸே கடைசியில் சொல்லிவிடுகிறான், நஷ்டமில்லை. பல நாட்டு விஞ்ஞானிகளுக்குப் போர்ட்டர் போடும் உச்சரிப்புகளில் சில எனக்குச் செயற்கையாகப் பட்டன. இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு ஒலிநூலுக்கே. அமெரிக்காவில் ஒலிநூல்களுக்கென்றே தரப்படும் ஆடி விருதுகளில், 2022ஆம் ஆண்டின் சிறந்த ஒலிநூல் விருது இதற்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் 2019இல் எழுதிய 'டெய்ஸி ஜோன்ஸ் அண்ட் த சிக்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளின் ஒரு ராக் இசைக்குழு ஏன் பிரிந்தது என்று அதில் இருந்தவர்களே பேட்டி கொடுப்பதுபோல எழுதப்பட்ட நாவல். முழுக்க முழுக்கப் பேச்சு. ஒலிநூலில் 21 பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள், கேட்டால் ஆவணப்படம் போலவே இருக்கிறது. ஒரே சம்பவத்தைக் குழுவின் பாடகன் பில்லி ஒரு விதமாகவும் பாடகி டெய்ஸி வேறு விதமாகவும் சொல்வதை அச்சில் படிக்கும்போது யார் பொய் சொல்கிறார் என்று தேடினேன். கேட்கும்போது இரண்டு பேருமே உண்மை சொல்வதாக நம்பினேன். குரலுக்கு அந்த வலிமை உண்டு. பாடல் வரிகள் மட்டும் புத்தகத்தின் கடைசியில் இருக்கின்றன, அவற்றை மெதுவாகக் கண்ணால் படிப்பதுதான் சுகம்.

இனி வாழைப்பூவோடு கேட்ட நாவல். ரிச்சர்ட் ஒஸ்மான் இங்கிலாந்தின் தொலைக்காட்சித் தொகுப்பாளர். 2020இல் வந்த இது அவருடைய முதல் நாவல். கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு. ஓய்வுபெற்ற உளவாளி எலிசபெத், நர்ஸாக இருந்த ஜாய்ஸ், மனநல மருத்துவர் இப்ராஹிம், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரான் ஆகிய நால்வரும் வியாழக்கிழமைதோறும் கூடிப் பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். அப்போது பக்கத்திலேயே ஒரு கொலை விழுகிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி அத்தியாயங்கள். அச்சில் ஒவ்வொன்றும் முடிந்ததும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். ஒஸ்மான் முக்கியமான ஒன்றை அத்தியாயத்தின் கடைசி வரியில் சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போவார், அந்த வெற்றிடத்தில்தான் அது நமக்குள் இறங்கும். ஒலிநூலில் இரண்டு நொடி மௌனம், உடனே அடுத்த அத்தியாய எண். யோசிக்க இடமில்லை. பழைய வழக்கு, புது வழக்கு, அவரவர் கடந்த காலம் என்று பெயர்கள் வந்து குவியும் நாவல் இது. துப்பறியும் கதை படிப்பதில் பாதி இன்பமே 'இவன் அன்றைக்கு என்ன சொன்னான்?' என்று பின்னால் புரட்டிச் சரிபார்ப்பதில் இருக்கிறது. பதினைந்து நொடி பின்னால் போகும் பொத்தான் அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் இதே நாவலில் ஜாய்ஸின் டைரிப் பகுதிகள் நடுநடுவே வருகின்றன. அவை 'நான்' என்று பேசுபவை. மான்வில் அங்கே அசத்திவிடுகிறார். கேக் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, அதே மூச்சில் இறந்துபோன கணவரைத் தொட்டு, மறுபடி கேக்குக்குத் திரும்பும் அந்தத் தொனி அச்சில் எனக்கு வெறும் அரட்டையாகத்தான் பட்டது. கேட்டபோது ஒரு பெண் தன் தனிமையை மறைக்கிறாள் என்று புரிந்தது. ஒரே புத்தகத்துக்குள் டைரிக்குக் காதும் மற்றதற்குக் கண்ணும் வேண்டியிருக்கிறது. முழுசாக ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அச்சுதான்.

இந்த வரிசையைக் காதால் தொடர்ந்தவர்களுக்கு மூன்றாவது புத்தகத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முதல் இரண்டையும் மான்வில் வாசித்தார். 2022இல் வந்த மூன்றாவதிலிருந்து ஃபியோனா ஷா. ஷா பெரிய நடிகை, வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஜாய்ஸ் என் ஜாய்ஸாக இல்லை. இதே வியரின் 'த மார்ஷியன்' நாவலுக்கும் இப்படி நடந்தது. ஆர்.சி. பிரே வாசித்த பதிப்பை ரசித்தவர்கள் பலருக்கு, பின்னால் வில் வீட்டன் வாசித்து வந்த புதுப் பதிப்பு ஒட்டவில்லை.

எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகை வந்ததும் சித்தப்பாதான் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார். பாட்டிக்கு எழுத்து தெரியாது. கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். ஒரு வாரம் சித்தப்பா ஊரில் இல்லை, நான் படித்தேன். பாட்டி பாதியில் நிறுத்திவிட்டாள். "அவன் வரட்டும்டி. நீ படிச்சா அந்தப் பொண்ணு வேற யாரோ மாதிரி இருக்கா" என்றாள். அப்போது எனக்கு அழுகை வந்தது. ஷாவின் ஜாய்ஸைக் கேட்ட அன்றுதான் பாட்டி சொன்னது விளங்கியது.

படிப்பதும் கேட்பதும் ஒன்றா என்ற கேள்விக்கு ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2016இல் பெத் ரோகோவ்ஸ்கி குழுவினர் ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்குப் படிக்கவும், சிலருக்குக் கேட்கவும், சிலருக்கு இரண்டையும் சேர்த்துச் செய்யவும் கொடுத்தார்கள். புரிதலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 'கேட்பது படித்த கணக்கில் வராது' என்று சொல்பவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வாழ்க்கை வரலாறு, நேராக ஓடும் கதை. பத்துப் பேரைச் சந்தேகிக்கச் சொல்லும் கொலைக்கதை வேறு ஜாதி.

என் வாதத்துக்கு எதிராக ஒரு சான்று இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் பேசும் புத்தகங்கள் 1935இல் தொடங்கின, முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களையும் பார்வையற்ற மற்றவர்களையும் மனதில் வைத்து. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு சுமார் 25 நிமிட வாசிப்பு. அப்போது முதலில் பதிவானவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. துப்பறியும் நாவல்தான்! பின்னால் புரட்ட வழியே இல்லாதவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த நாவல் முழுவதையும் ஒரு கிராமத்து டாக்டர் 'நான்' என்று தன் வாயால் சொல்கிறார்.

வேகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒலிநூலில் மணிக்கு சுமார் 9,000 சொற்கள் போகும், கண்ணால் படிப்பவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். அதனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து முடிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து கதைக்கு அப்படிச் செய்யாதீர்கள். ஜாய்ஸ் கணவரைப் பற்றிச் சொல்லும் முன் விடும் அரை நொடி மூச்சுதான் அந்த வரியின் உயிர். வேகத்தைக் கூட்டினால் முதலில் போவது அதுதான்.

தமிழில் இதே ஒப்பீட்டைச் செய்ய ஆசை. கல்கியின் பழைய சரித்திர நாவல்களைப் பாம்பே கண்ணன் பல குரல்களோடு நாடகம் போலவே ஒலிநூலாக்கியிருக்கிறார், அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். புது நாவல்கள் பக்கம் வந்தால் மனசு கஷ்டப்படுகிறது. நான் கேட்ட ஒன்றில் 'வாழை' எல்லா இடத்திலும் 'வாளை' ஆகியிருந்தது. இன்னொன்றில் சாவு வீட்டுக் காட்சி முழுக்கப் பின்னணியில் வயலின் அழுதுகொண்டே இருந்தது, வாசித்த பெண்ணின் நல்ல குரல் அதற்கடியில் போய்விட்டது. தமிழில் வாசிப்பவருக்கு வேலை இரட்டிப்பு. விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கும், உரையாடல் மதுரையிலோ நாஞ்சில் நாட்டிலோ இருக்கும். ஒரே ஆள் வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த இரண்டுக்கும் நடுவில் போய்வர வேண்டும். அதைச் சரியாகச் செய்பவருக்கு நல்ல சம்பளம் கொடுத்து, வயலினை நிறுத்திவிட்டாலே போதும். 'நான்' என்று தன்மையில் எழுதப்பட்ட, வட்டார மொழியிலேயே ஓடும் நாவல்களிலிருந்து தொடங்கலாம். அவை ஏற்கெனவே யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோலத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஒஸ்மானின் மூன்றாவது புத்தகத்தை ஒலிநூலில் பாதியில் நிறுத்திவிட்டு அச்சில் வாங்கினேன். ஜாய்ஸின் டைரி வரும் பக்கங்களில் எனக்கு மான்வில்லின் குரல்தான் கேட்கிறது. அடுத்த வாழைப்பூவுக்கு அக்ராய்டை இறக்கி வைத்திருக்கிறேன்.