650 ரூபாய்ப் பெட்டியும் வேலியோரத்து இலையும்

கல்யாணச் சமையலில் எனக்கு முப்பத்திரண்டு வருஷம். என் நாக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன். முழுப்பரீட்சை லீவுக்குத் திருவையாறு வந்த பேத்தி, ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கிய சுவைச் சோதனைப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவந்தாள்.

உள்ளே சர்க்கரை, உப்பு, சிட்ரிக் ஆசிட் பொட்டலங்கள், நீலச் சாயம், நாலு சொட்டுக்குழாய் (ஒன்று உடைந்தே வந்தது), பி.டி.சி. என்ற வேதிப்பொருள் தோய்த்த தாள் பத்து, ஒரு விளக்க அட்டை. உப்புக்கும் சர்க்கரைக்கும் காசு வாங்குகிற சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அட்டையில் நாக்குப் படம் போட்டு, நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று பாகப்பிரிவினை செய்திருந்தார்கள். உயிரியல் டீச்சரான என் மகள் பார்த்ததும் சிரித்தாள். 1901-ல் ஹெனிக் என்ற ஜெர்மானியர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த படமாம். சுவை மொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். வேப்பம்பூ ரசத்தில் ஒரு சொட்டை நுனிநாக்கில் விட்டேன். கசந்தது. விஷயம் முடிந்தது.

நீலச் சாயத்தை நாக்கில் தடவி, சாயம் ஏறாத சிவப்பு மேடுகளை, அதாவது சுவை மொட்டு இருக்கிற மேடுகளை, எண்ண வேண்டுமாம். பேத்திக்கு ஒரு தடவை 27, மறு தடவை 31. சாயந்தரம் வரை பல் நீலம்.

பி.டி.சி. தாளுக்காக மட்டும் இந்தப் பெட்டியை மன்னிக்கலாம். 1931-ல் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் கையிலிருந்து பி.டி.சி. பொடி காற்றில் பறந்தபோது, பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்றாராம்; இவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. பிறவியிலேயே வருகிற வித்தியாசம் அது. நான் தாளை நாக்கில் வைத்தேன். வெறும் காகிதம். என் சம்சாரம் வைத்த மறுநொடி கொல்லைக்கு ஓடிப்போய்த் துப்பினாள். கோஸ் பொரியலில் லேசாகக் கசப்பு தட்டுகிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் கேலி செய்திருக்கிறேன். கோஸிலும் இதே சாதிக் கசப்பு உண்டு என்று மகள் சொல்லிவிட்டாள். பாகற்காய்க் கசப்பு வேறு, அது எனக்கு நன்றாகவே தெரியும். "உங்க நாக்கு செத்துப் போச்சுன்னு அப்பவே சொன்னேனே!" என்றாள் சம்சாரம். சமையல்காரனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னும் சோதனைக்குப் பெட்டியே வேண்டாம். சீரகத்தை அப்படி மென்று பாருங்கள், உமி மாதிரி இருக்கும். மூக்கை விட்டதும் சீரகம் சீரகமாகிவிடும். இஞ்சிக்கு இது பலிக்காது. காரம் சுவையில்லை, எரிச்சல். மூக்கை மூடினாலும் சுடும்.

பெட்டியில் இல்லாதது சிறுகுறிஞ்சான். எங்கள் பக்கம் வேலியிலேயே படரும் கொடி. செடி தெரிந்தவரிடம் காட்டிப் பறித்தேன். இலையை நன்றாக மென்று நாக்கெல்லாம் படவிட்டுத் துப்பினேன். பிறகு சர்க்கரையைப் போட்டால் வாயில் ஆற்று மணல். இனிப்பை உணரும் இடத்தை இலையின் சத்து அடைத்துக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். (சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம்.)

அந்த வாயோடு, காலையில் நானே கிளறிய அசோகா அல்வாவை ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன். நெய் மணக்கிறது, ஏலக்காய் மணக்கிறது, வாயில் மட்டும் வெந்த பாசிப்பருப்பு மாவு. பருப்பு இன்னும் ஒரு சுற்று மசிந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் சர்க்கரை அதை மறைத்திருக்கிறது.

பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் அந்தத் தாளுக்கு.